மீட்டலும் மாற்றலும்

சாதாரண தரத்தில் நாங்கள் பஸ்கால் படித்தோம். உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல் ஆகியவற்றோடு தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தையும் எடுத்தபோது, பஸ்காலை மூடி வைத்துவிட்டு பைதனைத் திறக்க வேண்டியதாயிற்று. பஸ்கால் 1970 இல் சுவிட்சர்லாந்தின் நிக்லவுஸ் விர்த் உருவாக்கிய மொழி. பைதன் 1991 இல் நெதர்லாந்தைச் சேர்ந்த குய்டோ வான் ரொஸம் வெளியிட்டது. பரீட்சைக்காக இரவிரவாக விழித்துப் படித்த மொழி அடுத்த வகுப்பில் வேண்டாம் என்றானபோது வகுப்பில் பலரும் சலித்துக்கொண்டார்கள்.

அதைக் கேள்விப்பட்ட வாப்பா ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார்: “ஒரு வருஷத்துக்குள்ளயே மொழி மாறுதே மகள். முப்பது நாப்பது வருஷம் இந்தத் தொழிலைச் செய்யப் போற ஆள் எத்தனை தரம் முதல்ல இருந்து படிக்கிறது? டீச்சர் வேலை எண்டா ஒருக்காப் படிச்சாப் போதுமே.”

வாப்பா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கவலையோடுதான் கேட்டார். கம்பஸ் விண்ணப்பத்தில் எந்தப் பாடநெறியை முதலில் எழுதுவது என்று முடிவெடுக்க வேண்டிய வயதில் நானும் இருக்கிறேன். ஆகவே அந்தக் கேள்வியை வெறும் பேச்சாக விட்டுவிட முடியவில்லை. செய்நிரலாக்கத்தில் நீண்ட காலம் நிலைத்து நின்றவர்கள் எப்படி நின்றார்கள் என்று தேடத் தொடங்கினேன். தேடியதில் எனக்குப் புரிந்ததைத்தான் இங்கு எழுதுகிறேன். என் வகுப்புத் தோழிகளுக்கும் இது பயன்படலாம். அவர்களுடைய வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் பயன்பட்டால் இன்னும் நல்லது.

முதலில் கண்ட பெயர் கிரேஸ் ஹொப்பர். 1906 இல் பிறந்த அமெரிக்கப் பெண்மணி. கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற விரிவுரையாளர். அவர் கணினியோடு வேலை செய்யத் தொடங்கியது 1944 இல், தமது 37 ஆவது வயதில். அமெரிக்கக் கடற்படை அவரை ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்ற இராட்சத இயந்திரத்துக்கு அனுப்பியது. 1952 இல் தொகுப்பான் என்ற எண்ணத்துக்கு முதல் வடிவம் கொடுத்தவர்களுள் ஒருவரானார். 1959 இல் கோபோல் மொழி வடிவமைக்கப்பட்டபோது அதற்கு அடித்தளமாக அமைந்தவற்றுள் அவருடைய முந்தைய மொழியும் ஒன்று. 1986 இல் கடற்படையிலிருந்து ஓய்வு பெறும்போது அவருக்கு வயது 79. அதற்குப் பிறகும் 1992 இல் மரணிக்கும் வரை ஒரு கணினி நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார். அவருடைய அலுவலகச் சுவரில் முட்கள் எதிர்த்திசையில் சுற்றும் ஒரு கடிகாரம் இருந்ததாம். வழக்கமாகச் செய்வதை வழக்கம் என்பதற்காகவே செய்யக்கூடாது என்பதை வருவோருக்கு நினைவூட்டத்தான் அது.

இன்னொருவர் கென் தொம்சன். 1969 இல் யுனிக்ஸ் என்ற இயக்க முறைமையைத் தொடங்கியவர். அத்தோடு ஓய்ந்திருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் 1992 இல் ரொப் பைக் என்பவரோடு ஓர் உணவகத்தில் இருந்தபடி, மேசையில் விரித்திருந்த தாளில், யூரிஎஃப் 8 என்ற எழுத்துக் குறியாக்க முறையை வரைந்தார். இன்று இணையத்தில் நாம் காணும் தமிழ் எழுத்துகளும் பெரும்பாலும் அந்த முறையில்தான் பயணம் செய்கின்றன. 2009 இல், தமது 66 ஆவது வயதில், வேறு இருவரோடு சேர்ந்து ‘கோ’ என்ற புதிய மொழியையும் வெளியிட்டார். பிறர் உருவாக்கிய மொழியைக் கற்கவே வயது போய்விட்டது என்று பலர் சொல்லும் பருவத்தில் அவர் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்.

இவர்களெல்லாம் மேதைகள், நமக்கும் அவர்களுக்கும் என்ன பொருத்தம் என்று நீங்கள் கேட்கலாம். உம்மாவும் அப்படித்தான் கேட்டார். அதனால் எங்கள் குடும்பத்திலேயே உள்ள ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் வாப்பாவின் தங்கை, என் மாமி.

மாமி 2001 இல் பட்டம் பெற்று, கொழும்பில் ஒரு நிறுவனத்தில் செய்நிரலாளராகச் சேர்ந்தார். அந்த நாட்களில் விசுவல் பேசிக் 6 என்ற மொழியில்தான் வேலை. 1998 இல் வெளிவந்த அது அப்போது அலுவலகங்களில் மிகவும் பரவியிருந்தது. 2008 இல் இரண்டாவது பிள்ளை கிடைத்தபோது மாமி வேலையை விட்டார். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் மைக்ரோசொப்ட் நிறுவனமும் விசுவல் பேசிக் 6 இற்கான தனது ஆதரவை முடித்துக்கொண்டது. மாமி வீட்டுக்கு வந்தார். அவர் கையாண்ட கருவியும் ஓய்வு பெற்றது.

பிள்ளைகள் பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும், 2016 இல், மீண்டும் வேலை தேடினார். ஒரு நேர்முகப் பரீட்சையில், “2008 க்குப் பிறகு என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார்களாம். “ரெண்டு புள்ளைகளை வளர்த்தேன்” என்றாராம் மாமி. சிரித்தார்கள், அறிவிப்போம் என்றார்கள், அறிவிக்கவே இல்லை. இன்று மாமிக்கு 48 வயது. தம்மை விட இருபது வயது இளையவர்கள் உள்ள ஒரு குழுவை வழிநடத்துகிறார். இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் அவரிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமி சொன்னதை விளங்கிக்கொள்ள என் நானா எனக்கு உதவினார், அவருக்கே தெரியாமல். நானா ஒரு ஹாபிழ். குர்ஆனை மனனம் செய்து முடித்து ஆறு வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் ஒவ்வொரு நாளும் சுபஹுக்குப் பிறகு குறிப்பிட்ட அளவை மீட்டி ஓதாமல் எழும்ப மாட்டார். முடித்துவிட்டீர்கள்தானே, பிறகு ஏன் என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். “முடிக்கிறது இல்ல இது, வெச்சிக் காப்பாத்துறது” என்பார்.

செய்நிரலாளருக்கும் இந்த மீட்டல் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஹாபிழ் காப்பாற்றுவது ஒருபோதும் மாறாத ஒன்றை. செய்நிரலாளரிடம் இருப்பவற்றுள் சில மாறாதவை. சில மாறியே தீருபவை. மாறாததை மீட்ட வேண்டும். மாறுவதை மாற்ற வேண்டும். எது எந்தப் பக்கம் என்று பிரித்தறிவதுதான் இந்தத் தொழிலில் நீண்ட காலம் நிற்பதற்கான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் மாற்ற ஓடுபவர் களைத்துப் போவார். எதையும் மாற்றாதவர் பின்தங்கிப் போவார்.

மாறாதவை நாம் நினைப்பதை விட அதிகம். பஸ்காலில் ‘பிகின்’, ‘எண்ட்’ என்று எழுதிய இடத்தில் பைதனில் வரியைச் சற்று உள்ளே தள்ளி எழுதுகிறோம். நிபந்தனை அதே நிபந்தனை. மாறி அதே மாறி. திரும்பத் திரும்பச் செய்விக்கும் முறையும் அதே. அதனால்தான் சலித்துக்கொண்டவர்களும் ஒரு மாதத்துக்குள் பைதனில் எழுதத் தொடங்கிவிட்டோம். பஸ்கால் நமக்குப் பாலமாக இருந்தது, வீணாகவில்லை.

அல்கோரிதம் என்ற சொல்லே ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. ஒரு சிக்கலைப் படிப்படியாகப் பிரித்துத் தீர்க்கும் அந்தச் சிந்தனை கணினிக்கும் முந்தியது. தரவுத்தளப் பாடத்தில் நாம் படிக்கும் தொடர்புநிலை மாதிரியை எட்கார் கொட் 1970 இல் வெளியிட்டார். அதைக் கையாளும் எஸ்கியூஎல் மொழியும் அதே பத்தாண்டில் பிறந்தது. எங்கள் வாப்பாமார் பிறந்த காலத்தது. இன்றும் உயர்தரப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. எட்டு வருட இடைவெளிக்குப் பிறகு மாமிக்குக் கை கொடுத்ததும் இதுதான். “விசுவல் பேசிக் போயிட்டுது. எஸ்கியூஎல் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திச்சு” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

மாற்றியே ஆக வேண்டியவற்றுக்கு வருவோம். பழைய அறிவு பயனற்றுப் போவதோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. சில வேளைகளில் அது சத்தமில்லாமல் பிழையான விடையைத் தரும். இரண்டு பாடங்களில் 75, 60 என்று புள்ளிகள் எடுத்த மாணவியின் சராசரியைக் காண 135 ஐ 2 ஆல் வகுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைதனின் இரண்டாம் பதிப்பில் அந்த வரி 67 என்று விடை தரும். மூன்றாம் பதிப்பில் அதே வரி 67.5 என்று தரும். இரண்டிலும் பிழைச் செய்தி எதுவும் வராது. மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் நின்றது. மாறிக்கொள்ள உலகத்துக்குப் பதினொரு வருட அவகாசம் கிடைத்தது. அவகாசத்தைப் பயன்படுத்தாதவர்களின் செய்நிரல்கள் அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாமல் அநாதையாகின.

இதைவிடப் பாரதூரமான உதாரணமும் உண்டு. எம்டி 5 என்ற முறை 1990 களில் புகழ்பெற்றது. ஒரு கோப்புக்குக் கைரேகை எடுப்பது போன்றது அது. கோப்பில் யாரும் கை வைத்திருந்தால் ரேகை மாறிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பினார்கள். 2004 இல் வாங் சியாவ்யுன் என்ற சீனக் கணித அறிஞரும் அவருடைய குழுவினரும், ஒரே ரேகையைத் தரும் வெவ்வேறு தரவுகளை உருவாக்க முடியும் என்று காட்டினார்கள். வாங் ஒரு பெண் என்பதை என் தோழிகளுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன். ரேகை ஒன்றாக இருந்தால் கோப்பும் ஒன்று என்ற நம்பிக்கை அதோடு உடைந்தது. 1999 இல் எம்டி 5 பாதுகாப்பானது என்று படித்துவிட்டு அதன்பின் எதையும் வாசிக்காத ஒரு செய்நிரலாளர், இன்றும் நல்ல மனதோடு ஆபத்தான ஒன்றைக் கட்டுவார். அவரை நம்பித் தம் விபரங்களைக் கொடுத்த மக்கள்தான் பாதிக்கப்படுவார்கள். எனவே புதியதைக் கற்பது பதவி உயர்வுக்காக மட்டும் அல்ல. அது ஓர் அமானிதமும் கூட.

சரி, வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் இதை எப்படிச் செய்வது? மாமியின் வழி எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் மஹல்லாவில் ஒரு ஜனாஸா நலன்புரிச் சங்கம் இருக்கிறது. முந்நூறு சொச்சம் குடும்பங்களின் மாதச் சந்தாவைச் செயலாளர் ஒரு பெரிய சீ.ஆர். கொப்பியில் எழுதி வந்தார். 2004 இல் மாமி அதற்கு விசுவல் பேசிக்கில் ஒரு சிறிய செய்நிரல் எழுதிக் கொடுத்தார். 2016 இல் மீண்டும் படிக்கத் தொடங்கியபோது, புத்தகத்திலுள்ள பயிற்சிகளைச் செய்யாமல் அதே சந்தாப் பதிவேட்டை பிஎச்பியில் திரும்ப எழுதினார். பிறகு பைதனில் எழுதினார். இப்போது அங்கத்தவர்களின் கைத்தொலைபேசிக்கு நினைவூட்டல் போகிறது.

“எழுதுற விசயம் புதுசா இருந்து, மொழியும் புதுசா இருந்தா ரெண்டும் ஒண்ணாக் குழப்பும் புள்ள. சந்தாக் கணக்கு எனக்கு மனப்பாடம். அதனால மொழியில என்ன வித்தியாசம் எண்டது மட்டும் பளிச்செண்டு தெரியும்” என்றார். எவ்வளவு எளிய வழி! நாமும் வகுப்பு வரவுப் பதிவேட்டையோ நூலகப் புத்தகப் பட்டியலையோ இப்படி வைத்துக்கொள்ளலாம். கற்கும் ஒவ்வொரு மொழியிலும் அதைத் திரும்ப எழுதிப் பார்க்கலாம்.

அவரிடம் வேறு சில பழக்கங்களும் உண்டு. சுபஹுக்குப் பிறகு, பிள்ளைகள் எழும்பும் வரையான நேரம் அவருடைய படிப்பு நேரம். நாற்பது நிமிடமோ ஒரு மணித்தியாலமோ, அவ்வளவுதான், ஆனால் தவறாது. காணொளிகளைப் பார்ப்பார், என்றாலும் அந்த மொழியை உருவாக்கியவர்களே எழுதி வெளியிடும் கைந்நூலை வாசிக்காமல் விடமாட்டார். பிறர் எழுதிய செய்நிரல்களை, கதைப் புத்தகம் வாசிப்பது போல, வரி வரியாக வாசிப்பார். குழுவிலுள்ள இளையவர்களிடம் கூச்சமில்லாமல் கேட்பார். மாதத்துக்கு ஒருநாள் தான் கற்றதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கு எங்கே விளங்கவில்லை என்பது தெரியும் என்பார்.

இன்னொன்றும் சொன்னார்: வருவதை எல்லாம் படிக்கத் தேவையில்லை. ஒரு காலத்தில் இணையத்தளங்களில் அசையும் படங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் ஃபிளாஷ் இல்லாமல் முடியாது என்றிருந்தது. 2020 டிசம்பர் 31 உடன் அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. அதை மட்டுமே தெரிந்து வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். அசைவு என்றால் என்ன, நிறமும் நேரமும் எப்படிச் சேர்கின்றன என்று அறிந்து வைத்திருந்தவர்கள் வேறு கருவியை எடுத்துக்கொண்டார்கள். மறுபுறத்தில், பழையது எல்லாம் செத்துவிடுவதும் இல்லை. 2020 இல் கொவிட் தொற்றின்போது அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில ஆளுநர், கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று பகிரங்கமாகவே கேட்டார். வேலையிழந்தோருக்கான உதவித்தொகையை வழங்கும் கணினிகள் அந்தப் பழைய மொழியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. கோபோலுக்கு அப்போது 61 வயது!

இப்போது எல்லோரும் கேட்பது செயற்கை நுண்ணறிவைப் பற்றி. இயந்திரமே செய்நிரல் எழுதுகிறதே, இனி நீங்கள் எதற்கு என்கிறார்கள். நானும் அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். கேட்டதும் அழகாக எழுதித் தருகிறது. அது எழுதியது சரியா என்று சொல்ல ஒருவர் வேண்டும். 67 க்கும் 67.5 க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க ஒரு கண் வேண்டும். ஹொப்பர் தொகுப்பானைக் கொண்டு வந்தபோதும் கணினியால் செய்நிரல் எழுத முடியாது என்று பலர் நம்ப மறுத்தார்கள். அது வந்த பிறகு செய்நிரலாளரின் வேலை மாறியது, இல்லாமல் போகவில்லை. இதுவும் மாற்ற வேண்டிய பக்கத்தில் வந்து சேர்ந்த ஒன்று என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, பெற்றோர்களே, உங்களிடம் ஒரு விடயம். எங்களுள் பலருக்கு மாமியைப் போல இடைவெளி வரும். கல்யாணம் வரும், பிள்ளைகள் வருவார்கள், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் கடமை வரும். அவற்றைச் சுமையாக நான் எழுதவில்லை. அந்த இடைவெளி தொழிலின் முடிவாகிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஸ்டெபனி ஷெர்லி என்ற பெண், ஐந்து வயதில் அகதிச் சிறுமியாக அந்நாட்டுக்கு வந்தவர், 1962 இல் ஆறு பவுண் முதலோடு ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். பிள்ளைகளுக்காக வேலையை விட்ட பெண் செய்நிரலாளர்களைத் தேடி வேலை கொடுத்தார். அவர்கள் வீட்டிலிருந்தே பென்சிலாலும் தாளிலும் செய்நிரல் எழுதினார்கள். முதல் முந்நூறு பேரில் ஆண்கள் மூவர்தான். பெண் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததால் ‘ஸ்டீவ்’ என்று ஒப்பமிடத் தொடங்கினாராம். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான செய்நிரலை எழுதியது அந்தப் பெண்களின் நிறுவனம்தான். இணையம் இல்லாத காலத்தில் தபாலை நம்பி அவர்கள் செய்ததை, வீட்டுக்கு வீடு இணையம் உள்ள இன்று நாம் செய்ய முடியாதா?

மாமியின் வெற்றியில் மாமாவுக்கும் பங்கு உண்டு. அந்தக் காலை நேரத்தில் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போவது அவர்தானாம். மாமியிடம் இருந்தது பழைய மடிகணினி ஒன்றும் ஒரு மணித்தியாலமும்தான். மடிகணினியை யாரும் வாங்கிவிடலாம். அந்த ஒரு மணித்தியாலத்தை வீட்டிலுள்ளவர்கள்தான் கொடுக்க வேண்டும். மகளுக்கு நகை சேர்க்கும்போது, மருமகளை வரவேற்கும்போது, இந்த ஒரு மணித்தியாலத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தோழிகளே, எத்தனை தரம் மாற்ற வேண்டி வரும் என்று எண்ணிப் பயப்படாதீர்கள். அத்திவாரத்தை மீட்டிக்கொண்டே இருங்கள். மேலே உள்ளதை மாற்றப் பழகுங்கள். நான் பாடநெறிப் பட்டியலில் முதலாவதாகக் கணினி விஞ்ஞானத்தை எழுதத் தீர்மானித்துவிட்டேன். வாப்பாவும் சம்மதித்துவிட்டார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறார்: நலன்புரிச் சங்கத்தின் சந்தாப் பதிவேட்டை அடுத்த முறை திரும்ப எழுதப் போவது நான்தானாம். இன்ஷா அல்லாஹ், எழுதுவேன்.